ஓட்டுபவர் என்ற கட்டம்

அந்த வேனுக்காக நான்கு வருஷம் அரியலூர் போய் இன்சூரன்ஸ் புதுப்பித்தேன். நான்கு முறையும் கவுன்டரில் இருந்த கிளார்க் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இது வேனா, ஆம்புலன்ஸா, வூடா சார்?" முதல் வருஷம் நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அவர் மட்டும் விடாமல் சிரித்தார்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவு தூரம் அவரால் உட்கார்ந்து வர முடியாது. துபாயில் வேலை பார்த்த அண்ணன் ஒரு பழைய வேனை வாங்கித் தந்தார். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டோம். தண்ணீர் டிரம், கஞ்சி காய்ச்ச ஒரு ஸ்டவ், ஜன்னலுக்குத் திரை. தெருவில் அதைச் 'சக்கரம் வச்ச வூடு' என்றார்கள். ஆபீசிலோ கழற்றிய சீட்டுகளுக்கும் சேர்த்து பிரீமியம் வாங்கினார்கள். ஆர்.சி. புத்தகத்தில் சீட் இருக்கிறதாம். கட்டிலுக்காகவும் கூட்டினார்கள். வண்டியை மாற்றிக் கட்டியிருக்கிறோமாம். இல்லாத சீட்டுக்கும் இருக்கிற கட்டிலுக்கும் ஒரே வண்டியில் எப்படிக் கட்டணம் என்று கேட்டேன். "மேலாபீஸ்ல கேளுங்க" என்றார் கிளார்க்.

வண்டி அண்ணன் பெயரில் இருந்தது. எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். வீடு, மனை, கேஸ் கனெக்‌ஷன் எல்லாமே வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் இருக்கும். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அதனால் வீட்டுக்கு ஒருவர் அவருடைய கையெழுத்தைப் போடப் பழகியிருப்பார். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அண்ணன் பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே இழுக்கும் கோடு உட்பட எனக்கு அத்துப்படி.

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கும் அது தெரியும். பாரத்தை என் முன்னால் தள்ளி, "தம்பி, அண்ணன் கையெழுத்தை நீங்களே போட்டுருங்க" என்பார். 'வாகனத்தை ஓட்டுபவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை அவரே நிரப்பினார். "அண்ணனுக்கு லைசென்ஸ் இருக்குல்ல? ஓனரே ஓட்டுறாருன்னு போட்டுர்றேன். சம்பள டிரைவர்னா தனியா கட்டணும், அவரு லைசென்ஸ் ஜெராக்ஸ், பேட்ஜு, அது இதுன்னு கேப்பாங்க. எதுக்கு வம்பு?"

அண்ணன் அந்த வண்டியை மொத்தமாக ஓட்டியது இருபது நாள் இருக்கும். ஓட்டியவர் குன்னத்துப் பக்கத்து ஆள். பத்தாவது வரை படித்தவர். டயாலிசிஸ் முடிய ஐந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அன்றைய பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். நான் அந்தப் பேப்பருக்குப் பெரம்பலூர் நிருபர். என் செய்திகளில் தப்புக் கண்டுபிடிப்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். "அண்ணே, அந்தக் கெணறு குன்னத்துக்கு மேக்கால இல்ல, கெழக்கால. போயிப் பாத்துட்டுத்தான் எழுதுவீங்களா, இல்ல டீக்கடையிலயே எழுதிருவீங்களா?"

விபத்தில் செத்தவரின் வயதைக்கூட இரண்டு பேரிடம் கேட்டு எழுதுகிறவன் நான். என் வீட்டு வண்டியின் பாலிசித் தாளை நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட முழுதாகப் படிக்கவில்லை.

ஒரு மாசி மாதம், டயர் மாற்றப் பெரம்பலூர் போன வேன் பகல் பதினோரு மணிக்குக் குன்னம் தாண்டி வந்துகொண்டிருந்தது. அம்மா வண்டியில் இல்லை. சாலையில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்ந்தது. அதைச் சுற்றி வண்டி ஏறாமல் இருக்கக் கல் அடுக்கியிருந்தார்கள். எதிரே பஸ் வந்தது. டிரைவர் ஒதுங்கினார். சோளத்தில் சக்கரம் வழுக்கி, கல்லில் ஏறி, வேன் கவிழ்ந்தது. அவருடைய வலது கை கதவுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. திருச்சியில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

மக்காச்சோளம் காயப்போடும் சாலைகளைப் பற்றி நான் மூன்று முறை செய்தி எழுதியிருந்தேன்.

அம்மாவை வாடகைக் காரில் பின்சீட்டில் மடக்கிப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். மிஷினில் படுத்திருக்கும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் புள்ளைக்குப் பணம் வருமாடா?" இன்சூரன்ஸ் இருக்கிறது, வரும் என்று சொல்லிவிட்டு அரியலூர் போனேன்.

அதுவரை நான் பார்த்திராத ஓர் அதிகாரி உள்ளறையில் இருந்தார். மேசையில் நான்கு வருஷத்துப் பாரங்களும் இருந்தன.

"உங்க அண்ணன் எங்க சார் இருக்காரு?"

"துபாய்ல."

"இந்தப் பாரத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு?"

"துபாய்லதான்."

"அப்ப இத யாரு போட்டது?"

"நான்."

"நாலு வருஷமும்?"

"நாலு வருஷமும். நீங்கதானே வாங்கிக்கிட்டீங்க?"

அவருக்குக் கோபமே வரவில்லை. புரியாதவனுக்குச் சொல்லித் தருவது போலச் சொன்னார். "பணம் வாங்கறப்ப நாங்க கையெழுத்தப் பாக்கறதில்ல சார். குடுக்கறப்பதான் பாப்போம்."

வேன் போகட்டும், டிரைவருக்கு என்ன வழி என்றேன். பாலிசியை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "டிரைவர்னு ஒருத்தரே இதுல இல்லையே. ஓனருக்குத்தான் விபத்துக் காப்பு இருக்கு. ஒரு வருஷம் விடாம கட்டியிருக்கீங்க." பாராட்டுவது போலவே சொன்னார். இருபது நாள் ஓட்டியவரின் உயிருக்கு நான்கு வருஷம் பணம் கட்டியிருக்கிறோம். தினமும் ஓட்டியவரின் கைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

பெரம்பலூர் வக்கீல் ஒருவர் வழி சொன்னார். பாலிசியில் பெயர் இல்லாவிட்டாலும் சம்பளத்துக்கு ஓட்டியவருக்கு நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு அவர் எங்களிடம் வேலை பார்த்தார் என்று நான் எழுதித் தர வேண்டும். கையெழுத்துகளைப் போட்டது நான்தான் என்பதையும் அதிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "எழுதாதடா. என் பேருல்ல இருக்கு? லீவுல வர்றப்ப ஏர்போர்ட்லயே புடிச்சு வச்சுட்டா?" என்றார். புடிச்சா என்னைத்தான் புடிப்பாங்க என்றேன். "அம்மா என்ன சொல்றாங்க?" என்றார். எழுதச் சொல்கிறார் என்றேன். போனை வைத்துவிட்டார். ஏஜெண்ட் வீடு தேடி வந்து, "தம்பி, என் பேர மட்டும் அதுல போட்டுராதீங்க" என்றார். போட்டேன்.

டிரைவரின் மனுவோடு என் கடிதத்தையும் கொடுக்க இருவரும் அரியலூர் போனோம். பஸ்ஸில் போனோம். அவர் இரண்டு வாரமாகப் பழைய பேப்பர் ஓரங்களில் இடது கையால் பெயர் எழுதிப் பழகியிருந்தார். அதிகாரியின் முன்னால் குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக இருந்தது, ஆனால் ஓர் எழுத்தும் விடுபடவில்லை. அதிகாரி லைசென்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒத்து வரலையே."

"அது வலது கைல போட்டது சார்" என்றார் டிரைவர்.

"புரியுதுங்க. நான் என்ன பண்றது? ஆடிட்ல கேப்பாங்க. கைநாட்டு வச்சுருங்க."

"எனக்கு எழுதத் தெரியும் சார்."

"தெரியும்ங்க. கைநாட்டுன்னா வம்பில்ல."

நான் சத்தம் போட்டேன். நான்கு வருஷம் பொய்க் கையெழுத்தை வாங்கினீர்கள், இந்தக் கையெழுத்து மட்டும் ஆகாதா என்று கத்தினேன். கவுன்டரில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கிளார்க்கும் பார்த்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. டிரைவர் என் தோளைத் தொட்டு, "வுடுங்கண்ணே" என்றார்.

மை அட்டை வந்தது. கிளார்க் மனுவின் அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். டிரைவர் கட்டைவிரலை மையில் அழுத்துவதற்கு முன்னால் தாளைத் தன் பக்கம் இழுத்து அதை வாய்விட்டுப் படித்தார். "எழுதப் படிக்கத் தெரியாதவர். மேற்கண்ட விவரங்கள் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டன." நிறுத்தாமல், திக்காமல், பேப்பர் படிப்பது போலவே படித்தார். படித்துவிட்டு இடது கட்டைவிரலை வைத்தார்.

நஷ்டஈடு வர மூன்று வருஷம் ஆனது. கேட்டதில் பாதிதான் வந்தது.

அன்று அந்தக் கைரேகைக்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆபீசில் என் சொந்தக் கையெழுத்தைப் போட்டது அன்றுதான் முதல் தடவை. அதை யாரும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.