மூன்று நிறச் சுருளும் ஆர்டிஸின் இரும்பும்

ஆர்டிஸ் ஹௌஸ்கனிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால், அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். புருஷன் மெர்ல் இறந்தபோது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மைனாட் நகரத்தில் ஒரு வீடு பார்த்துக்கொள்ளும்படி தம்பி லைல் சொன்னான். அந்த வசந்தத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக டூரம் கோதுமை விதைத்தாள். வடக்கு டகோட்டாவின் அந்தப் பக்கத்தில் விளைகிற டூரம் எல்லாம் பாஸ்தாவுக்குத்தான் போகும். விவசாயிகள் கூட்டாக நடத்தும் பாஸ்தா ஆலையில் அவளுக்கும் பங்கு உண்டு. லைல் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தான். ஊரில் சாவோ கல்யாணமோ, அந்த ஆலையின் காய்கறிப் பொடி கலந்த மூன்று நிறப் பாஸ்தாச் சுருளை வேகவைத்து, வெள்ளரியும் சீஸும் கலந்து, பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பவள் ஆர்டிஸ்தான்.

அறுபது தாண்டிய ஒரு குளிர்காலத்தில் அவளுக்குக் கைவிரல் கணுக்கள் வலிக்க ஆரம்பித்தன. படி ஏறினால் மூச்சு வாங்கியது. முகம் வெண்கல நிறத்துக்கு மாறியது. “என்ன ஆர்டிஸ், அரிசோனா வெயிலு நல்லா ஒத்துக்கிச்சு போல?” என்று கேலி செய்தார்கள். அவள் அந்த வருஷம் மாவட்டத்தைத் தாண்டியே போகவில்லை. ரத்தம் குறைந்துவிட்டது என்று தானே முடிவுகட்டி இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கினாள். கீரை நல்லதாயிற்றே என்று பாஸ்தாவில் பச்சைச் சுருளாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றாள். உடம்பு இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

மைனாட் டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்கு இரும்புச் சத்து குறைச்சல் இல்லீங்க. தேவைக்கு மேல கெடக்கு. சாப்பாட்டுல இருக்கற இரும்ப உங்க உடம்பு விடாம இழுத்துச் சேத்து வச்சுக்குது. மூட்டு, ஈரல், இதயம்னு போய்ப் படியும். பரம்பரையா வர்றது. வீட்டுல யாராச்சும் ஈரல் கெட்டுப் போயிருக்காங்களா?”

ஆர்டிஸின் அப்பா ஆல்வின் அப்படித்தான் போனார். தேவாலயத்தில் கொடுக்கும் ஒரு மிடறு திராட்சை ரசத்தைத் தவிர அவர் எதையும் தொட்டதில்லை. ஊர் நம்பவில்லை. கொட்டகையில் புட்டியை ஒளித்து வைத்துக் குடித்தார் என்று பேசினார்கள். அதற்கப்புறம் அம்மா தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள்.

“எங்கப்பா,” என்றாள் ஆர்டிஸ்.

ரத்தத்தோடு இரும்பும் வெளியேறும் என்பதால், வாராவாரம் ஒரு பை ரத்தம் எடுத்துவிடுவதுதான் மருந்து. சாப்பாட்டால் அவ்வளவு வித்தியாசம் வராது. ஆனாலும் மாத்திரையை நிறுத்த வேண்டும், இரும்பு சேர்த்த மாவுப் பண்டங்களைக் குறைத்தால் நல்லது. கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் அவ்வளவாக ஏறாது, அதைத் தின்னலாம். கூடப் பிறந்தவர்களையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் பாஸ்தா பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தை முதல்முறையாகப் படித்தாள். பச்சைச் சுருளில் இருந்த பசலைக்கீரை நிறத்துக்குப் போதுமான பொடிதான். அவள் நம்பியிருந்த கீரைச் சத்து அதில் பெயரளவுக்குத்தான். இரும்பும், பி வைட்டமின்களும், ஃபோலிக் அமிலமும் ரவையில் தனியாகச் சேர்த்தவை. கோதுமையின் தவிட்டோடு போகிற சத்தை ஆலையே திரும்பப் போட்டுவிடுகிறது. தன் வயலில் விளைந்த இரும்பைக் கழித்துவிட்டு வேறெங்கோ இருந்து வந்த இரும்பைச் சேர்த்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு லைலுக்குப் போன் போட்டு, டாக்டரம்மா சொன்னதையும் பாக்கெட்டில் படித்ததையும் சொன்னாள்.

“ரத்தம் குடுத்துப் பாருடா.”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. நீ வாய மூடிட்டு இருந்தாப் போதும். நம்ம பாஸ்தாவால நோய் வருதுன்னு எவனாவது கெளப்பிவிட்டா யாரு வாங்குவா?”

“பாஸ்தாவால வருதுன்னு நான் எங்கடா சொன்னேன்?”

“ஊரு அப்படித்தான் பேசும்.”

“ஊரு பேசுறதக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மா செத்தா.” லைல் போனை வைத்துவிட்டான்.

அன்றுமுதல் ஆர்டிஸ் தன் கோதுமையைத் தானே அரைத்தாள். நிஜமான பசலைக்கீரையை வதக்கி, விழுதாக்கி, மாவோடு பிசைந்து தட்டையாக வெட்டினாள். விரல் வலித்தது, பிசைந்தாள். அறுவடை விருந்துக்கு அதையும் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோனாள். பாக்கெட் பாஸ்தா கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை.

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் எல்லோர் கண்ணும் அவள் தட்டில்தான் இருந்தது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஊர்க்காரி வெர்னா சத்தமாகவே கேட்டாள்: “இத்தன வருஷம் எங்களுக்குப் போட்ட, இப்ப ஒனக்கு மட்டும் தனிச் சமையலா? அது வெஷம்னு சொன்னியாமே?”

லைல் முகம் சிவந்தது. “அக்கா, பேசாம உக்காரு.”

உட்காரு என்றதும் ஆர்டிஸ் எழுந்தாள்.

“வெஷம்னு சொன்னவ நான் இல்ல, வெர்னா. ஒம் பேத்தி முழுகாம இருக்காள்ல? அவள ரெண்டு தட்டு தின்னச் சொல்லு. அதுல போடற ஃபோலிக் அமிலம் புள்ளையோட முதுகெலும்புக்கு நல்லது. இரும்பும் அவளுக்கு வேணும். எனக்கு வேணாம். ஏற்கெனவே ஒரு கலப்பை செய்யற அளவுக்கு உள்ள கெடக்கு.” யாரோ சிரித்தார்கள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. “இன்னொண்ணும் சொல்லிடறேன், எல்லாரும் கேட்டுக்குங்க. எங்கப்பாவுக்கும் இதே வியாதிதான். அந்த மனுஷன் குடிக்கல. கொட்டகையில புட்டி கெடந்துச்சுன்னு சொன்னவங்க இங்க இருக்கீங்க. பாத்தவங்க யாராச்சும் கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. வெர்னா காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தாள்.

லைல் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டான். ஆர்டிஸ் பின்னாலேயே போனாள். வண்டிப் பக்கத்தில் அவன் சட்டைக்காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காற்றில் நின்றிருந்தான். அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கணுக்கள் அவளுக்கு இருப்பதுபோலவே வீங்கியிருந்தன.

“எவ்வளவு நாளா?”

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “நான் நம்பினேன்க்கா,” என்றான். “புட்டி இருந்துச்சுன்னு. அப்பா சாகறப்பக்கூட அவர் கைய நான் தொடல.”

ஆர்டிஸ் வண்டிக் கதவைத் திறந்தாள். “வண்டில ஏறு. குளுருது,” என்றாள்.

பரிசோதித்தபோது லைலுக்கு அவளைவிட இரும்பு அதிகமாகவே இருந்தது. ஈரல் இறுகத் தொடங்கியிருந்தாலும் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் குளிர்காலம் முழுக்க அக்காவும் தம்பியும் ஒரே வண்டியில் மைனாட்டுக்குப் போய், அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தார்கள். ஆலைக் கூட்டத்தில் ஒரு நிர்வாகி, உன் அக்காவைக் கொஞ்சம் அடக்கி வை என்றபோது, “நீ போய் சொல்லிப் பாரேன்,” என்று லைல் பதில் சொன்னானாம். வெர்னா மன்னிப்புக் கேட்கவில்லை. கீரைப் பாஸ்தா எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்டாள். ஆர்டிஸ் சொல்லிக்கொடுத்தாள், கொஞ்சம் விறைப்பாகவே.

கோடையில் அவளுக்கு மூச்சு திரும்பியது, முகத்தின் வெண்கல நிறம் போனது. விரல் வலி மட்டும் போகவில்லை, இனிப் போகவும் போகாது என்றார்கள். டூரம் முற்றி நின்றபோது லைல் வந்து அறுவடை இயந்திரத்தின் ஏணியில் கால் வைத்தான்.

“இந்தக் கையோட எப்படிக்கா? நான் ஓட்டறேன், எறங்கு.”

“வலி என்னோடது. வண்டியும் என்னோடது,” என்றாள் ஆர்டிஸ். “காலை எடு.”