கிளப்பில் நான் நீட்டிய பர்ஸ்

மேட்டுப்பாளையத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஆர்டர் தரும் ஒருவர், தான் உறுப்பினராக இருக்கும் கிளப்புக்கு என்னையும் மனைவியையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். காரணமில்லாமல் யார் கூப்பிடுவார்கள் என்ற சந்தேகத்தோடுதான் போனேன். சாப்பிட்டதும் போனைக் காதில் வைத்தபடி எழுந்து போனவர், வெகுநேரம் திரும்பவில்லை. பில்லும் வரவில்லை.

"பில்ல நம்ம தலையில கட்டிட்டு நழுவிட்டாரு பாரு" என்று மனைவியிடம் முணுமுணுத்துவிட்டு, கவுண்டரில் போய்ப் பர்ஸைத் திறந்தேன்.

"கெஸ்ட்டுகிட்ட காசு வாங்க மாட்டோம் சார். அவரு அப்பவே பில்லுல கையெழுத்துப் போட்டுட்டாரு, அவரு கணக்குல சேந்துரும்" என்றார் ஊழியர்.

திரும்பினால் எங்களை அழைத்தவர் நிற்கிறார்.

"உங்களுக்கு ஆட்டோ புடிக்கப் போனேன். அதுக்குள்ள பர்ஸ எடுத்துட்டீங்களே சார்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

இப்போது யாரையாவது சாப்பிட அழைத்தால், "செலவு என்னுது" என்று அப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்ற சந்தேகப் பேர்வழிகளும் நிம்மதியாகச் சாப்பிடட்டுமே!