கண்ணுக்குத் தெரியாத இட்லி மாவு

புனே விமான் நகரில், வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். நெட்டில் தேடினால் எங்கள் வெப்சைட் நாலாவது பக்கத்தில்தான் வரும். முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றார் ஒருவர். நம்பி ஒப்படைத்தேன். கொஞ்ச நாள் மேலே வந்தது. பிறகு எங்கு தேடியும் காணோம், ஆர்டரும் நின்றுபோனது. வெப்சைட்டை எத்தனை முறை பார்த்தும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அப்போது புனேயின் கேம்ப் பகுதியிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில் கூப்பிட்டார். அவருக்குப் பார்வை கிடையாது. போன்தான் எல்லாவற்றையும் படித்துச் சொல்லும்.

"அரே அக்கா, விலை கேக்கலாம்னு உங்க வெப்சைட்டைத் திறந்தா, 'புனே இட்லி மாவு, பெஸ்ட் இட்லி மாவு'ன்னு அதையே சொல்லிட்டிருக்கு. விலையே வரமாட்டேங்குது!"

பக்கத்தின் மேல் மவுஸை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் ஒளிந்திருந்த வெள்ளை எழுத்து அப்போதுதான் தெரிந்தது, வரிவரியாக. மனிதர் கண்ணில் படாது, தேடுபொறி மட்டும் படிக்கும் என்று அந்த ஆள் போட்ட கணக்கு. தேடுபொறி அதை ஏமாற்று வேலை என்று கண்டுபிடித்து எங்களை ஒதுக்கிவிட்டது.

எல்லாவற்றையும் அழித்து, மன்னிக்கச் சொல்லி தேடுபொறி நிறுவனத்துக்கு எழுதிப் போட்டு, காத்திருந்து அலுத்துவிட்டது. இப்போது ஏழாவது பக்கத்தில் வருகிறோம். இருக்கட்டும். புதிதாக எதை எழுதினாலும், கண்ணை மூடிக்கொண்டு போனைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். விலை காதில் விழுந்த பிறகுதான் கண்ணைத் திறக்கிறேன்.