கையில் கொடுத்த இரும்பு

வலை தோணி எல்லாவற்றையும் மீன்பிடித் திணைக்கள அதிகாரிகள் கொண்டுபோன காலையில் நான் வீட்டுக்குள் இருந்து வேலை விண்ணப்பம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மனே, பிசறிஸ்காரன் அப்பாட தோணிய இழுத்துக்கிட்டுப் போறான். நீ படிச்சவன்தானே, ஓடிப் போய்க் கதை!"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து கம்பஸ் வரை போனவன் நான் மட்டும்தான். அதனால் மின்சார பில்லிலிருந்து பொலிஸ் வரை எல்லாவற்றோடும் நான்தான் கதைக்க வேண்டும். வாவிக்கரைக்கு ஓடினேன். வாவி என்பது புத்தகத்தில்; எங்களுக்கு அது ஆறு. இயந்திரப் படகின் பின்னால் எங்கள் தோணியைக் கட்டியிருந்தார்கள். அதற்குள் தங்கூசி வலை வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. மீன் கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு வலை. குஞ்சு குருமானையும் விடாது என்பதால் தடை செய்திருக்கிறார்கள்.

"தம்பி, வழக்குப் போட்டு வலையும் தோணியும் கோட்டுக்குப் போகும். அங்க வந்து கதைங்க" என்றார் பரிசோதகர். தோணியின் நடுவில் ஓர் இரும்பு வளையமும் அதில் ஒரு கயிறும் இருந்தன. "இது என்ன கயிறு?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நங்கூரக் கயிறு, சேர்."

அது நங்கூரக் கயிறு இல்லை. அப்பா தன் இடுப்பில் கட்டிக்கொள்வது. அவருக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வலிப்பு. அந்தப் பயத்தில் ஒருவரும் அவரோடு ஒரே தோணியில் ஏறமாட்டார்கள். மற்ற வலை என்றால் இழுக்க இரண்டு பேர் வேண்டும். தங்கூசியைத் தனி ஆளாகவே இழுக்கலாம். ஆற்றின் நடுவில் வலிப்பு வந்தால், கயிறு அவரைத் தாழவிடாது. சில நாள் நனைந்து, கண் சிவந்து வருவார். இடுப்பில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்துவிட்டு அம்மா எண்ணெய் பூசுவார்.

பரிசோதகர் தந்த தாளில், தோணியை எடுத்ததற்கு ஆங்கிலத்தில் 'seizure' என்றொரு சொல் போட்டிருந்தார்கள். அதே சொல்தான் அப்பாவின் கிளினிக் கொப்பியிலும் வலிப்பு வருத்தத்துக்குப் பெயராக இருந்தது. எங்கள் வாயில் இரண்டும் வேறு வேறு. வலிப்பு அப்பாவை எடுக்கும், கொஞ்ச நேரத்தில் திருப்பித் தரும். பறிமுதல் தோணியைத் திருப்பித் தருமா என்பதுதான் தெரியவில்லை.

"கிளினிக் கொப்பிய நீதவானிட்டக் காட்டுவம் அப்பா. இரக்கப்படுவார்" என்றேன்.

"இரக்கப்பட்டுத் தோணியத் தருவார். மறுகா மீன்பிடி லைசன்ஸ எடுப்பார். வலிப்புக்காரன ஆத்தில விடுவாங்களோ? நீ படிச்ச படிப்பில இதுக்கு ஒரு விடை இரிந்தாச் சொல்லு."

வழக்குத் திகதி வரும்வரை அவர் காலை தோறும் கரையில் போய்க் குந்தியிருந்தார். ஆற்றால் தோணியில் போன ஒருவர் கம்பை ஊன்றி நின்று கத்தினார்: "என்னகா, உன்ட தோணிக்குக் கவர்மெண்டு வேலை கிடைச்சிட்டாமே! மகனுக்குத்தான் இன்னம் இல்லப் போல!" அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கும் எங்கள் வீட்டில் சோறும் முருங்கையிலைச் சுண்டலும்தான்.

வழக்கன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வெளிக்கிட்டார். கிளினிக்கில் கொடுத்த வலிப்புக் குளிசையைப் போடவில்லை. தொழிலுக்குப் போகும் நாளிலும் அவர் அப்படித்தான். மயக்கம் தரும் என்று விட்டுவிடுவார்.

"அதப் போட்டா நாக்குத் தடிக்கும் மனே. நீதவானுக்கு முன்னால தூங்கி விழுறதோ?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூண்டில் நின்றார். குற்றப்பத்திரிகையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது பெருவிரல் உள்ளே மடங்குவதைக் கண்டேன்; வலிப்பு வரும்போது முதலில் அதுதான் மடங்கும். எழும்பி ஓடினேன். அதற்குள் விழுந்துவிட்டார்.

"இரும்பு! இரும்பக் குடுங்க!" என்று மன்று முழுக்க ஒரே சத்தம். வலிப்புக்காரன் கையில் இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். "ஒண்டும் குடுக்காதீங்க! சரிச்சுப் படுக்க விடுங்க!" என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பொலிஸ் கொஸ்தாப்பர் இடுப்பிலிருந்து கைவிலங்கைக் கழற்றி அப்பாவின் கைக்குள் திணித்தார். தன் கைலேஞ்சியால் அவருடைய வாய் நுரையையும் துடைத்துவிட்டார். நல்ல மனிதர். விலங்கு பூட்டாமலே அப்பா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் துடித்தார்.

அவர் அடங்கியதும் நீதவான் என்னைக் கேட்டார்: "இவருக்கு ஆற்றில் இப்படி வந்தால்?"

கயிற்றைப் பற்றிச் சொன்னேன். நீதவான் பேனையை மேசையில் வைத்தார். பிறகு, வலையை அழிக்கச் சொன்னார். தோணியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வைத்தியர் எழுதித் தரும்வரை அப்பா ஆற்றில் இறங்கக் கூடாது என்றும் சொன்னார்.

கிளினிக்கில் டொக்டர் தலையை ஆட்டினார். "எழுதித் தர ஏலாது தம்பி. குளிசைய ஒரு நாளும் விடாமப் போடட்டும். வலிப்பு வராம நாள் போகட்டும். பிறகு பார்ப்பம்."

தோணி வந்தது. வந்த அன்றே அப்பா அதைக் கவிழ்த்து ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினார். எதற்கென்று கேட்கத் தேவையில்லை. நான் கடைக்குப் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தேன். தோணியை நிமிர்த்தி, அவர் கயிறு கட்டும் அதே இரும்பு வளையத்தில் சங்கிலியைக் கோத்து, கரையில் நின்ற பூவரசோடு பூட்டினேன். அவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்க எடுத்தாங்க, கோட்டில கேட்டு வாங்கின. நீ எடுத்தா நான் எந்தக் கோட்டுக்குப் போற?"

"குளிசையப் போடுங்க அப்பா. நானும் கூட வாறன், முன் அணியத்தில இரிக்கிறன்."

"உனக்கு நீந்தத் தெரியாது. ரெண்டு பேரும் சாகவோ உன்னப் படிப்பிச்ச?"

அதன்பிறகு என்னோடு பேசவில்லை. சாவி என் சட்டைப் பையில் கிடந்தது. குளிக்கும்போதும் கழுத்தில் கட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. அம்மா அரிசிப் பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டால் நான் வெளியே போய்விடுவேன்.

ஒரு பின்னேரம் தோணிக்குப் பக்கத்தில் அப்பா விழுந்தார். நான் ஓடிப் போய்ச் சரித்துப் படுக்கவைத்து, தலை கல்லில் அடிபடாமல் மடியில் ஏந்தினேன். அம்மா அலறிக்கொண்டு வந்தார்.

"இரும்பு! இரும்பு எங்க? டேய், சாவியத் தா!"

"அம்மா, அது தேவையில்ல, டொக்டர்..."

அம்மா கேட்கவில்லை. என் பையைக் கிழிக்காத குறையாகச் சாவியை இழுத்தெடுத்து அவருடைய வலது கைக்குள் வைத்து மூடினார். என் இரண்டு கையிலும் அப்பாவின் தலை இருந்தது.

வலிப்பு விட்டது. கண்ணைத் திறந்து முதலில் என்னை, பிறகு பூவரசைப் பார்த்தார். கைக்குள் இருப்பது என்னவென்று விரலால் தடவி அறிந்துகொண்டார்.

"சாவியத் தாங்க அப்பா."

"பொறு மனே. தலை சுத்துது."

அவரிடம் பலமே இல்லை. அந்த விரல்களை விரித்துச் சாவியை எடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். என்னால் முடியவில்லை. அம்மா தண்ணீரும் குளிசையும் கொண்டுவந்து நீட்டினார். அப்பா இடது கையால் வாங்கி விழுங்கினார். வலது கையைத் திறக்கவேயில்லை.