எரியேல்லை அப்பா

என் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நாள் இருக்கும்போது நான் ஒரு புதுப் பாவம் செய்தேன். அதற்கு எங்கள் காரின் பின் லைற்தான் காரணம்.

அப்பா ஊர்காவற்றுறையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் அலுமாரிக்குள் தயாராக இருந்தன. அப்பாதான் இருக்கப்போவதில்லை. கடற்கரையில் வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டியார் குடும்பத்தோடு மடுவுக்கு, மாதா கோயிலுக்குப் போகக் காரைக் கேட்டிருந்தார். சனி விடியப்புறம் புறப்பட்டால் திங்கள்தான் திரும்புவார்கள். கொடுத்த வாக்கை மாற்றுவதென்றால் அப்பாவுக்கு உயிர் போகிற மாதிரி. நான் இரண்டு நேரம் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அம்மா என் பங்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

வெள்ளி பின்னேரம் பார்த்தால், காரைப் பின்னுக்கு எடுக்கும்போது எரிகிற லைற் எரியவில்லை. சின்ன விஷயமில்லை அது. சம்மாட்டியார் வீட்டு ஒழுங்கை ஒரு கார் அகலம்தான். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கடல். உள்ளே போனால் திருப்ப இடமில்லை, பின்னுக்கேதான் வரவேண்டும். நடக்க முடியாத அவருடைய தாயை வாசலில் வைத்துத்தான் ஏற்றவும் வேண்டும். இருட்டில் வெளிச்சமில்லாமல் போனால் மடுவுக்கல்ல, நேரே கடலுக்குத்தான்.

அப்பா பல்பைக் கழற்றி வேறொன்று போட்டார். பியூஸைப் பார்த்தார். காருக்கு அடியில் படுத்து, கியரோடு சேர்ந்த சுவிச்சைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஏறி இருந்து, பின் கியரைப் போட்டுவிட்டுக் கேட்பார்: “எரியுதோ பிள்ளை?”

பின்னால் குந்தியிருந்து பார்த்துச் சொல்வது என் வேலை. “எரியேல்லை அப்பா.”

அதுவரை சொன்னதெல்லாம் உண்மை.

கடைசியில் கோளாறு லைற்றின் அடியிலேயே இருந்தது. வயர் தகரத்தில் பொருந்துகிற இடம் பச்சையும் துருவுமாகப் பூத்துக் கிடந்தது.

“ஆர் காரைக் கிணத்துத் தண்ணியில கழுவினது?” என்றார் அப்பா.

நான்தான். எங்கள் கிணறு உவர். காருக்கென்று அப்பா நல்ல தண்ணீர் எடுத்து வைத்திருப்பார். அதை அம்மா கறிக்கு எடுத்துவிடுவார். முதல் நன்மைக்குப் பளபளக்கிற காரில் போய் இறங்குகிற எண்ணத்தில், நான் வாரக் கணக்காக உவர்த் தண்ணீரை அள்ளி ஊற்றியிருந்தேன். அப்பா ஏசவில்லை. கத்தி நுனியால் அந்த இடத்தைச் சுரண்டி, வயரை இறுக்கி முடுக்கிவிட்டு ஏறி இருந்தார்.

“இப்ப எரியுதோ?”

எரிந்தது. பின்னால் நிழலில் கிடந்த குசினிச் சுவரின் வெள்ளை முழுக்க வெளிச்சம்.

“எரியேல்லை அப்பா.”

அவர் திரும்பவில்லை. முன்னாலிருந்த, பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலை கலைந்திருக்கிறதோ என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

“வடிவாய்ப் பார்த்தனியே?”

“ஓம் அப்பா.”

“அப்ப என்ன செய்யிறது,” என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பொழுதுபடுமுன் சைக்கிளில் சம்மாட்டியாரிடம் போனார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். “குறை நினைக்காதேங்கோ சம்மாட்டியார். பின் லைற் சரிவரேல்லை. உங்கட அம்மாவையும் வைச்சுக்கொண்டு அந்த இருட்டில ஏலாது,” என்றார் அப்பா. சம்மாட்டியாரின் முகம் சுண்டிப்போனது. என்றாலும் அன்றைக்கே வேலணையில் வேறு கார் பிடித்துவிட்டார்.

ஞாயிறு அப்பா கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்தார். எனக்கு அந்த நாளில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இன்றும் அடிக்கடி நினைப்பது அதற்கு முதல் நாள், சனி பின்னேரத்தைத்தான்.

கோயிலில் பிள்ளைகளெல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். அப்பாவுக்குப் பொய் சொன்னதைச் சுவாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். பரிகாரமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். ஒரே மூச்சில் சொல்லி முடித்துத் திரும்பினால், வரிசையின் கடைசியில் அப்பா கைகட்டி நிற்கிறார். வருசத்தில் ஒருமுறை, பாஸ்குத் திருநாளுக்கு முன்னர் மட்டும், அதுவும் அம்மாவின் கரைச்சலுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்.

சுவாமியாரிடம் சொல்லி முடித்து வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டார். “உங்களுக்கு எவ்வளவு தந்தவர்?” என்று காதுக்குள் கேட்டேன்.

“ஒரு முழுச் செபமாலை.”

ஐம்பதுக்கு மேல் ‘அருள் நிறைந்த மரியே’! எனக்கு அப்பாவை நினைக்கப் பாவமாக இருந்தது. நான் சொன்ன அவ்வளவு பெரிய பொய்க்கே மூன்றுதான். இவர் அப்படி என்னதான் செய்திருப்பார் என்று யோசித்தபடி, அவர் முடிக்கும்வரை நானும் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தேன்.