வெட்டிப் போட்ட நாலு நிமிஷம்

கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கு மெஷின் எதிரி இல்லை, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்தான் எதிரி. இந்தத் தொழிலில் குப்பை கொட்டிய யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கடை. படம் பிடிப்பது முதலாளி தங்கராசு அண்ணன், எடிட் பண்ணுவது நான், ரோசலின். இரண்டு மெஷின். ஒன்றில் டேப்பை ஓட விட்டு, வேண்டிய இடத்தை மட்டும் மற்றதில் பதிவு பண்ண வேண்டும். வெட்டுவது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், கத்தரியே கிடையாது. சந்தேகம் வந்தால் இப்போதைய பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கேட்கிறார்கள், உலகமே பதில் சொல்கிறது. எனக்கு மெஷினோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. எனக்கு உலகம் என்றால் கேலாங்கில் இதே தொழில் பண்ணிய காதர் பாயும் அவருடைய டெலிபோன் நம்பரும்தான்.

பூச்சும் புள்ளியும்

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது, மணப்பெண் மழையில் நனைகிற மாதிரி. சாயங்காலம் ஆள் வந்து டேப்பைக் கேட்பார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே அழுக்கு இருக்கும் என்று நானே முடிவு கட்டி, கைப்பையில் இருந்த பாட்டிலைத் திறந்து பஞ்சில் நனைத்து நன்றாகத் துடைத்தேன். புள்ளி போய்விட்டது. கூடவே படமும் போய்விட்டது.

காதர் பாய்க்குப் போன் போட்டேன். எதை வைத்துத் துடைத்தாய் என்றார். நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி என்றேன். டக்கென்று போனை வைத்துவிட்டார். அப்புறம் தன் கடை மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். என் மெஷினைத் திறந்து மோந்து பார்த்தார். "ஏம்மா ரோசலின், அது மெஷின்லா! அலங்காரம் பண்ணிக்கிட்டுக் கல்யாணத்துக்கா போகப் போகுது?"

கை என்ன பண்ணுச்சு?

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் தங்கச்சி கல்யாணத்தை முந்தின வருஷம் நாங்கள்தான் எடுத்திருந்தோம். டேப்பை மேசையில் வைத்து, இதிலிருந்து மாப்பிள்ளையை எடுத்துவிடுங்கள் என்றார், குழம்பிலிருந்து கறிவேப்பிலையை எடுக்கச் சொல்கிற மாதிரி. அந்த ஆள் வேறு யாரோடோ போய்விட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, இது ரெண்டு பேர் கல்யாணம். அவரை எடுத்துட்டா ஐயரும் புகையும்தான் மிஞ்சும்" என்றேன். அவர் அசரவே இல்லை. புடவை, நகை, வந்த கூட்டம் எல்லாம் எங்களுடையது, அதை ஏன் விட வேண்டும் என்று கேட்டார். தாலி கட்டுகிற இடத்தில் என்ன பண்ணுவது என்றேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுல அந்தக் கையை மட்டும் வெச்சுக்குங்க. கை என்னங்க பண்ணுச்சு, பாவம்?"

மூட்டை எங்கே?

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். இனிமேல் சொல்லப்போவது நான் வெட்கப்பட்ட கதை.

ஆங் மோ கியோவில் ஒரு குடும்பத்துக் கல்யாணம். அவர்களுக்கு நான் பண்ணிக் கொடுத்த டேப்பில் எனக்கே பெருமை. அஞ்சு மணி நேரப் படத்தை ரெண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தேன். வேண்டாததை எல்லாம் வேகமாக ஓட்டிப் பார்த்துத் தள்ளினேன். அப்படி ஓட்டினால் படம் மட்டும்தான் தெரியும், சத்தம் கேட்காது. அதில் ஓர் ஆள் சமையல் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து இலையை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம். கேமராவை நிறுத்த மறந்துவிட்டார் போல என்று தங்கராசு அண்ணனை மனசுக்குள் திட்டிக்கொண்டே அதைத் தள்ளினேன்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்கியம் என்று ஓர் அக்கா இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு படியேறி வந்தார். அந்தக் கல்யாணப் பெண்ணின் சித்தி. பந்தி வேலை முழுக்க அவர் வீட்டுக்காரர் வேலுதான் பார்த்தாராம். மேடைப் பக்கமே வராமல் சமையல் பாத்திரங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தாராம். கல்யாணம் முடிந்து ஆறாவது வாரம் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். வீட்டில் இருப்பது ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருக்கிற படம் ஒன்றுதான். "இவளுக்கு ஒரு வயசுகூட ஆகல, தங்கச்சி. அப்பா குரல் எப்படி இருக்கும்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்?" என்றார்.

சமையல் பாத்திரம் என்று அவர் சொன்னதுமே பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டவர் எனக்கு ஞாபகம் வந்தார். அந்த ஆள்தான், சந்தேகமே இல்லை. கல்யாண டேப்பை ரெண்டு தடவை முழுக்கப் பார்த்தும் அவர் எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டு, பாக்கியம் அக்கா கடையைச் சுற்றிப் பார்த்தார். "வெட்டிப் போட்டதை எல்லாம் எந்த மூட்டையில வெச்சிருக்கீங்க? தையக்காரர்கூட வெட்டின துணியைக் கட்டி வெச்சிருப்பாரே!"

ஈசூனில் ஒரு கேக்

மூட்டை ஏது? வேலை முடிந்ததும், படம் பிடித்த டேப்பிலேயே அடுத்தவர் விசேஷத்தைப் பிடித்துவிடுவோம். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். நோட்டைப் புரட்டினேன். அந்தக் கல்யாணம் பிடித்த ரெண்டு டேப்பில், வேலு இருந்த மூணு மணி நேர டேப் கைமாற்றாகக் காதர் பாயிடம் போயிருந்தது. போன் போட்டால் அவர் சம்சாரம் எடுத்தார். அதில் ஒரு நிச்சயதார்த்தம் பிடித்தாகிவிட்டதாம், இன்று அதையே முதலிலிருந்து மறுபடி பிடிக்க எடுத்துக்கொண்டு ஈசூனில் ஒரு பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாராம். அந்த நேரம் அது கேமராவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது! அடக் கடவுளே என்று கத்தியேவிட்டேன்.

அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு டாக்ஸியில் பறந்தேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். டேப்பின் கடைசிப் பகுதியில்தான் அவர் இருந்தார். நிச்சயதார்த்தம் அது வரைக்கும் போகவில்லை என்றால், பிறந்தநாளும் போவதற்குள் நிறுத்திவிட்டால், ஏதாவது மிஞ்சும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரே கூட்டம். காதர் பாய் தோளில் கேமராவோடு கேக் முன்னால் நின்றார். ஒன்றரை மணி நேரமாக எடுக்கிறாராம். "பாய், நிறுத்துங்க!" என்று அலறினேன். மெழுகுவத்தி ஊத வாயைக் குவித்த பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தது. விஷயத்தைக் கேட்டதும் பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. மறு பேச்சு இல்லாமல் டேப்பை வெளியே எடுத்து, வேறு டேப்பைப் போட்டார். பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, நீங்க யாரு சைடு?"

அவர் சொன்னது

கடைக்குத் திரும்பி மெஷினில் டேப்பைப் போட்டேன். பிறந்தநாள் முடிந்து, பழைய நிச்சயதார்த்தத்தின் வால் வந்தது. யார் யாரோ கையாட்டினார்கள். திரை கொஞ்சம் குதித்தது. பெட்டி, இலை, வேலு! நாலு நிமிஷத்தில் மிஞ்சியது கடைசி அம்பது நொடி. மோர் சோற்றை வழித்துச் சாப்பிட்டார். குழந்தை திரையைப் பார்த்துக் கையைத் தட்டியது. கடையில் இருந்த தங்கராசு அண்ணன் மெதுவாகச் சொன்னார், எல்லாருக்கும் பரிமாறினவர் கடைசியில் தனியாகச் சாப்பிட்டார், அதனால்தான் எடுத்தாராம். மறதி இல்லை. அவரை நான் என்னென்னவோ திட்டியிருந்தேனே.

இலையை மடித்த வேலு அப்போதுதான் கேமராவைக் கவனித்தார். முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். "என்னை எதுக்குய்யா எடுக்கிற? டேப்பு வீணாப் போயிடும். இதை வெட்டிட்டுப் போய்ப் பொண்ணை எடுய்யா!" சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. அதற்கப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேட்டீங்கல்ல? வெட்டச் சொன்னதே அவருதான். உங்க மேல தப்பு இல்ல, தங்கச்சி."

அதிலிருந்து எங்கள் கடைக் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவது ரெண்டு நிமிஷம், சாப்பாடு முக்கால் மணி நேரம் என்று தேக்கா முழுக்கப் பேர் கெட்டுப்போனதுதான் மிச்சம்.