நூல் இல்லாமல் ஓடிய தறி

அக்காவின் குழந்தை பிறந்த மறுநாளே இறந்துவிட்டது. ஆரணியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சில வாரங்களில் தறியில் உட்கார்ந்தாள். யாரோடும் பேசவில்லை. டிப்ளமோ முடித்து கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த நான், மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"தறி ஓடிகினுதான இருக்குது? கை வேல செஞ்சா மனசு ஆறிடும். பைத்தியம்னு பேரு வாங்கி வைக்காத."

எனக்கும் அது சரியென்றே பட்டது. சாப்பாடு, தூக்கம், வேலை என்று மனதுக்குள் சரிபார்ப்பேன். தறிச் சத்தம் கேட்டால், வேலை சரி.

ஒரு மதியம் மோர் கொடுக்கப் போனேன். அக்கா தறியை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊடுநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாக் கட்டையில் நூலே இல்லை. சேலை முந்தின நாள் பார்த்த இடத்திலேயே நின்றது.

"நூல் தீந்துபோச்சேக்கா."

"தெரியும்டி. நிறுத்தினா கொழந்த அழுவுறது கேக்குது."

மறுநாளே வேலூரில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு, குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லி அக்கா முதன்முறையாக அழுதாள்.

இப்போது வேலை நடக்கிறதா என்று பார்த்து நான் யாரையும் எடைபோடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். எங்களால் தாங்க முடியாத பதில் வந்தால், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதில்லை. அக்காவின் தறி அவ்வப்போது நின்றுவிடுகிறது. நின்றதும் எழுந்து அவளிடம் போகிறேன்.